உப்புக் கிணறும் பச்சைப் பலகையும்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே நிற்கும். சமையலுக்கு ஒரு தண்ணீர், பாத்திரம் கழுவ ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர் என்று அம்மா தனித்தனிக் குடங்களில் பிரித்து வைப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் நாற்பதடி தள்ளிக் கிணறு இருக்கிறது. குடிக்கிற தண்ணீரோ பேரணாம்பட்டு டவுனிலிருந்து அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வரும். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு கேன், பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கேன். அந்த வண்டியின் படபடப்புச் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. வண்டி மட்டும் திண்ணை ஓரமாக நிற்கிறது. அண்ணன் மகள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். தினமும் போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல். கம்பெனி வேனைப் பிடிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும். வேலை முடியத் தாமதமானால் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி மாறி வர வேண்டும். போன மாதம் ஒரு மின் ஸ்கூட்டர் விளம்பரத் தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். பச்சை இலை ஒன்றின் மேல் ஸ்கூட்டர் நிற்கிற மாதிரிப் படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘ஜீரோ எமிஷன்’.

“சித்தப்பா, நெஜமாவே இது ஜீரோவா?” என்றாள்.

விலையைக் கேட்கவில்லை, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே இதுதான். எனக்கு ஆச்சரியமாக இல்லை. பருப்பு வேகாத வீட்டில் பிறந்தவள் அவள்.

எங்கள் பக்கத்துக்கு ‘ஜீரோ’ என்ற சொல் புதிது இல்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டி வரிசையாகத் தோல் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றின் கழிவுநீரை ஓரிடத்தில் சேர்த்துச் சுத்தம் செய்யப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுத்தம் செய்த நீரையும் வெளியே விடக்கூடாது, முழுவதையும் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று பிறகு விதி வந்தது. அதன் பெயர் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’. கழிவுநீரைச் சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிப்பார்கள். மிஞ்சுகிற கெட்டியான நீரை ஆவியாக்குவார்கள். அதற்கும் பிறகு மிஞ்சுவது உப்பு. பல ரசாயனங்கள் கலந்த, எதற்கும் உதவாத, மழையில் நனைந்தால் மறுபடி மண்ணுக்குள் இறங்கிவிடக்கூடிய உப்பு. அதை மூட்டை கட்டிக் கொட்டகைக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாய்க்காலில் ஒரு சொட்டும் ஓடவில்லை என்பது உண்மை. கொட்டகைக்குள் உப்பு ஏறிக்கொண்டே போகிறது என்பதும் உண்மை.

இப்படிச் சேர்த்து வைப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதற்கு 2015 ஜனவரி 31 விடியற்காலை சாட்சி. ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றில் விடாமல் நிறுத்திய கழிவு அது.

ஆகவே ஜீரோ என்று யாராவது சொன்னால் எங்கள் மனசு உடனே கொட்டகையைத் தேடுகிறது.

அப்பா தோல் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் ஆரம்பித்து டிரம் பக்கம் போனவர். எங்களுக்குச் சோறு போட்டதும் அந்தக் கம்பெனிதான், கிணற்றைக் கெடுத்ததும் அதைப் போன்ற கம்பெனிகள்தான். இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே உடம்பில் சுமந்தார். அதனால் எங்கள் வீட்டில் தோலைத் திட்டிப் பேசிவிட முடியாது. புகழ்ந்தும் பேசிவிட முடியாது.

அவர் சொல்லித்தான் பட்டைக் காலம் எனக்குத் தெரியும். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த குழிகளில் தோலை வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டிப் போட்டுப் பதனிட்ட காலம். மெதுவான வேலை. 1970-களில் அரசாங்கம் பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி கூடும், ஊரில் வேலை பெருகும் என்பது கணக்கு. வேலை பெருகத்தான் செய்தது. பட்டைக் குழியின் இடத்தில் பெரும்பாலும் குரோம் வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளில் டிரம்மில் சுற்றி முடிந்தது. தோல் நீல நிறத்தில், ஒரே சீராக, மிருதுவாக வெளியே வந்தது. அதைப் பார்த்தவர்கள் யாரும் இது ஊரைக் கெடுக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். முன்னேற்றம் என்றுதான் நினைத்தார்கள். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவரைக் காட்டி இவர்தான் காரணம் என்று முடித்துவிடக்கூடிய கதை இல்லை இது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயத்தைத் தருகிறது.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது குரோம், குரோம் என்பார்கள். ஆனால் கிணற்றை முதலில் கொன்றது உப்பு. ஆட்டின் தோலை உரித்ததும் அழுகாமல் இருக்க உப்பை அள்ளி அள்ளித் தேய்த்து அடுக்குகிறார்கள். அந்த உப்புத்தோல் கம்பெனிக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. கழுவிய நீர் வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து மணலுக்கு. மணல் ஆறு ஆதலால் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கள் தென்னைமரங்களில் காய் சிறுத்தது, பிறகு குரும்பையிலேயே கொட்டியது, பிறகு மட்டைகள் தொங்கின. பதினொரு மரத்தில் மூன்று மிஞ்சின. பாலாறு கண்ணெதிரே கிடக்க, இன்றைக்கு எங்கள் மாவட்டத்து ஊர்கள் மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற காவிரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கின்றன.

இந்த ஷூவெல்லாம் எங்கே போனது? ஐரோப்பாவுக்கு, அமெரிக்காவுக்கு. அங்கே இருந்த தோல் பதனிடும் தொழிலின் பெரும்பங்கு, அந்த நாடுகளில் சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகியபோது, நம்மைப் போன்ற நாடுகளுக்கு நகர்ந்தது. அங்கே ஒருவர் கண்ணாடிக் கடைக்குள் போய்ப் புது ஷூவை முகர்ந்து பார்த்து வாங்குகிறார். அந்தக் கடையில் நாற்றம் இல்லை, வாய்க்கால் இல்லை, உப்பு இல்லை. அவர் பார்வையில் அது சுத்தமான பொருள். அவர் பொய் சொல்லவும் இல்லை. அவர் ஊரில் அது உண்மையிலேயே ஜீரோ.

அண்ணன் மகளின் கேள்வியை நான் பல நாள் சுமந்துகொண்டிருந்தது இதனால்தான். இவ்வளவு நாள் நாம் அந்தப் பக்கம், கிணற்றுப் பக்கம் நின்றோம். இப்போது முதல்முறையாகக் கடைப் பக்கம் நிற்கிறோம்.

அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தாளில், பேனாவால். தினம் முப்பத்தைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு முக்கால் லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறும். எனவே நாளுக்கு 1.7 கிலோ. மின் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் போதும். சார்ஜரில் வீணாவது, கம்பியில் வீணாவது எல்லாம் சேர்த்து ஒன்றேகால், ஒன்றரை யூனிட் என்று வைப்போம். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ சொச்சம் கரியமில வாயு. அப்படியானால் நாளுக்கு ஒரு கிலோ. ஜீரோ இல்லை, ஒரு கிலோ. ஆனால் 1.7 என்பது 1 ஆகக் குறைகிறது.

பேட்டரி செய்யும்போதே வெளியேறுவதையும் சேர்க்க வேண்டும். ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ வரை என்பது பரவலான மதிப்பீடு. ஸ்கூட்டரில் இருப்பது மூன்று யூனிட் பேட்டரி. 180 முதல் 300 கிலோ கடனோடுதான் வண்டி கடையை விட்டு இறங்குகிறது. தினமும் 0.7 கிலோ மிச்சப்படுத்தினால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் கடன் அடைந்துவிடும். அதற்குப் பிறகு ஓடுகிற ஒவ்வொரு நாளும் லாபம். தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட, வாங்கிய வண்டியே வருஷா வருஷம் இன்னும் சுத்தமாகிக்கொண்டு வரும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வழி கிடையாது. அது பழசாகப் பழசாக அதிகமாகத்தான் புகைக்கும்.

ஆகவே மாறுவது நல்லதுதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சின்ன வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. நாற்பது, ஐம்பது யூனிட் பேட்டரியைச் சுமந்துகொண்டு ஒற்றை ஆள் போகிற மின்காரைப் பார்க்கும்போது, அதற்குள் பதினைந்து ஸ்கூட்டர் உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது. சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்களும் கம்பெனி வண்டிகளும் அப்படி மாறுகிற நாள்தான் எங்கள் பக்கத்துக்கு உண்மையான மாற்றம் வருகிற நாள். எழுபது பேர் போகும் வண்டிக்கு ஈடாக எந்த ஸ்கூட்டரும் வராது.

இனி நடைமுறை. எங்கள் ஊரில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஒரேயடியாக ஏறும். வாடகைக்காரர் ஸ்கூட்டருக்கு இரண்டு மாதத்தில் எழுபது யூனிட் இழுத்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மாடி வீட்டில் இருப்பவர் வண்டிக்கு வயரை எங்கிருந்து இறக்குவார்? இவையெல்லாம் விளம்பரத் தாளில் வராத கேள்விகள். பதில் உள்ளவர்களுக்கு லாபம் கண்கூடு. பெட்ரோலுக்கு நாளுக்கு எழுபத்தைந்து ரூபாய் போகிற இடத்தில் மின்சாரத்துக்குச் சுமார் பத்து ரூபாய்.

பத்தலப்பல்லி மலைப்பாதை வழியாக வி.கோட்டா பக்கம் போய்வருகிற வியாபாரிகள் சிலர் மின் வண்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் சார்ஜ் தண்ணீராய் இறங்குகிறது என்கிறார்கள். இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப ஏறுகிறது. எங்கள் கோடையில் நாற்பது டிகிரி தாண்டும் வெயிலில் நிற்கிற பேட்டரிக்கு ஆயுள் குறைவு. நிழல் தேடி நிறுத்த வேண்டும்.

அப்பாவின் எக்ஸ்எல்லை வருஷக்கணக்காகப் பார்த்துவந்த மெக்கானிக் பாயிடம் போனேன். கடை வாசலில் கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் எல்லாம் கருப்பு.

“என்ன பாய், கரண்ட் வண்டி வருதா ரிப்பேருக்கு?”

“வருது தம்பி. பிரேக்கு, டயரு, பேரிங்கு பார்த்துக் குடுப்பேன். உள்ள டிஸ்ப்ளேல ஏதாவது நம்பர் வந்துச்சுன்னா வேலூருக்குப் போங்கன்னுதான் சொல்லணும். அதுக்கு என்கிட்ட லேப்டாப்பு இல்ல.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அதுல ஆயில் மாத்த வேணாம், பிளக் வேணாம், கிளட்ச் வேணாம். நல்ல வண்டிதான். எனக்குத்தான் வேலை இல்ல.”

அவர் குரலில் கசப்பு இல்லை. அதுதான் என்னை அங்கேயே நிறுத்தியது. பட்டைக் குழியில் நின்றவர்கள் குரோம் டிரம்மைப் பார்த்தபோதும் இப்படித்தான் பேசியிருப்பார்களோ என்று தோன்றியது. இவருக்கும் இவர் மாதிரிப் பல்லாயிரம் பேருக்கும் ஒரு மாதப் பயிற்சியும் ஒரு சோதனைக் கருவியும் தர முடியாத அளவுக்கு நாம் ஏழை நாடு இல்லை.

2022 மார்ச் மாதத்தையும் எங்கள் மாவட்டம் மறக்க முடியாது. வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் பள்ளிக்கூடம் படிக்கிற மகளும் இறந்துபோனார்கள். எங்கள் தெருக்களில் வீட்டுக்கு ஒரே வாசல். வண்டி நிற்பதும் அந்த வாசலில்தான், சார்ஜ் போடுவதும் அங்கேதான், தீ என்றால் ஓட வேண்டிய வழியும் அதுதான். அந்த வருஷம் நாட்டில் இப்படிப் பல தீ விபத்துகள் நடந்தன. பிறகு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாகப் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி இருக்கிறது. அது எளிதில் தீப்பிடிக்காது. பெட்ரோல் டேங்கும் தீப்பிடிக்கக்கூடியதுதான், அதோடு வாழப் பழகியிருக்கிறோம். இருந்தாலும் அந்தச் சிறுமியின் வயதில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இதை வெறும் புள்ளிவிவரமாகப் பேச முடியாது. “வண்டி வந்தால் பின்பக்கம், கிணற்று மேடை ஓரமாகக் கூரை போட்டு அங்கேதான் சார்ஜ், ஆள் விழித்திருக்கும்போது மட்டும்” என்று அண்ணன் சொல்லிவிட்டார். வற்றாமல் கிடக்கிற அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட்.

நாங்கள் தேடின கொட்டகை எங்கே இருக்கிறது? ஒன்று எண்ணூரில் இருக்கிறது. எங்கள் தெருவில் புகை இல்லாமல் வண்டி ஓட, அங்கே நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் தண்ணீரோடு கலந்து குழாயில் போய்ச் சாம்பல் குளத்தில் விழுகிறது. குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து, மீனவர்கள் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இறால் பிடித்த இடத்தில் சாம்பல் சேறு. அவர்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று வேகாமல் போயிருக்கும்.

இன்னொன்று சிலியில், அட்டகாமா பாலைவனத்தில். அங்கே உப்புப் படுகைக்கு அடியிலிருந்து உப்புநீரை மேலே இறைத்து, பெரிய பெரிய பாத்திகளில் விட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் வெயிலில் காயவைத்து லித்தியம் எடுக்கிறார்கள். மழையே பெய்யாத பூமியில் அவ்வளவு நீரை இறைத்தால் எங்கள் ஊற்று என்ன ஆகும் என்று அங்கத்திய பழங்குடி மக்கள் கேட்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுபடியும் உப்பு, மறுபடியும் கிணறு! மூன்றாவது காங்கோவில். சில வகை பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டில் உலகச் சுரங்க உற்பத்தியின் பெரும்பகுதி அங்கிருந்துதான். அதில் ஒரு பங்கை ஏழைகள் கையால் குழி தோண்டி எடுக்கிறார்கள், அந்தக் குழிகளில் பிள்ளைகளும் இறங்குகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி, ஆகவே பெட்ரோலிலேயே இருந்துவிடலாம் என்று முடிப்பவர்கள் உண்டு. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெட்ரோலுக்கும் கொட்டகை இருக்கிறது. அது வானம் முழுக்க இருக்கிறது, யாரும் பூட்டுப் போட முடியாத கொட்டகை. எரிந்த பெட்ரோலைத் திரும்பப் பிடிக்க முடியாது. பேட்டரியில் இருக்கிற லித்தியமும் நிக்கலும் தாமிரமும் எங்கும் போகவில்லை. பத்து வருஷம் கழித்தும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். உருக்கிக் கரைத்துப் பிரித்தால் மறுபடி பேட்டரி ஆகும். காயலான் கடையில் சுத்தியலால் உடைத்தால் இன்னொரு ஊரின் கிணறு போகும். ஈயப் பேட்டரியில் இரண்டையும் இந்த நாடு பார்த்துவிட்டது. முறையான ஆலையில் ஈயம் திரும்பத் திரும்பப் பேட்டரியாகிறது. கொல்லைப்புறத்தில் அமிலத்தைக் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குகிற இடங்களில் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறுகிறது. பொருள் ஒன்றே, விதி மட்டும் வேறு.

அந்த விதியை எழுதியதில் எங்கள் ஊருக்குப் பங்கு இருக்கிறது. இதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் பாலாற்று மாசைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் நீர் செலவாகிறது, 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழாகிவிட்டது என்ற விவரங்கள் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அது அறிவித்தது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட்டு ஈடு பெற்றுத்தர ஓர் ஆணையம். பாலாற்றங்கரையில் செத்த தென்னைகளுக்காக எழுதப்பட்ட அந்த வரிகளை இன்றைக்கு நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் படிக்கிறார்கள்.

சட்டம் வந்ததும் கிணறு இனித்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பகுதியைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது: பாக்கி இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசு செய்தவரிடம் வசூலிக்க வேண்டும், ஆற்றை மீட்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்று. இருபத்தெட்டு வருஷம் கழித்து. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், இன்னும் பெரும் தலைவலியாக நிலத்தின் மேல் கிடக்கிறது. அந்த ஊரின் சிப்காட்டில்தான் 2021-ல் ஆம்பியர் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை திறந்தார்கள். பழைய மிச்சமும் புதிய வண்டியும் ஒரே ஊரில். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வெறும் கண்ணால் எதுவும் தெரியாது. இருந்தாலும் நான் பஸ் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

2022 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவருகிற நிறுவனமே அது பழசான பிறகு திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. அதிலுள்ள பொருள்களில் 90 சதவீதம் வரை படிப்படியாக மீட்க வேண்டும். தவறினால் மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற அதே கொள்கைப்படி இழப்பீடு. அதைப் படித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் கிணறு கெட்டதில் தழைத்த ஒரு சொல், நாம் வாங்கப்போகிற வண்டியின் அடிவயிற்றில் வந்து நிற்கிறது.

ஒரு பொருள் சுத்தமா என்று கேட்கும்போது அதன் புகைக்குழாயைத்தான் இவ்வளவு நாள் பார்த்துவந்தோம். தோல் டிரம்முக்குப் புகைக்குழாய் கிடையாது. மின் ஸ்கூட்டருக்கும் கிடையாது. எதைச் செய்தாலும் ஒரு மிச்சம் விழும். மனிதன் கை வைத்த எதிலும் மிச்சம் விழாமல் இருந்ததில்லை. அந்த மிச்சத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறாரா, அவர் பெயரும் விலாசமும் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கிணறு பிழைக்கிறது அல்லது சாகிறது. எங்கள் கிணறு செத்தது உப்பால் என்பது பாதி உண்மை. அந்த உப்பு என்னுடையது என்று சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லாததால் செத்தது என்பது மீதி.

அவளுக்கு நான் சொன்ன பதில் சின்னது. “ஜீரோ இல்லம்மா. ஆனா வாங்கு. வாங்கும்போது ஒண்ணு கேளு.”

கடையில் பையன் நன்றாகத்தான் பேசினான். நிறம் காட்டினான், தவணை சொன்னான், பச்சை நம்பர் பலகையில் வெள்ளை எழுத்து எப்படிப் பளிச்சென்று இருக்கும் என்று போனில் படம் காட்டினான். எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

“எட்டு வருஷம் கழிச்சு இந்த பேட்டரி செத்துப்போச்சுன்னா, யார் வந்து எடுத்துட்டுப் போவாங்க?”

“வாரண்டி இருக்கு மேடம்.”

“வாரண்டி முடிஞ்ச பிறகு.”

அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய் மேனேஜரை அழைத்துவந்தான். மேனேஜர் யாருக்கோ போன் செய்தார், காத்திருந்தார், இன்னொரு நம்பருக்குச் செய்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர், பழைய பேட்டரியைக் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொள்ளும், இங்கேயே கொண்டுவந்து ஒப்படைக்கலாம் என்றார். “பில்லுல எழுதி சீல் வச்சுக் குடுங்க சார்” என்றாள். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு பில்லின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, சீல் குத்திக் கொடுத்தார்.

வீட்டில் பீரோவின் அடித்தட்டில் அப்பாவின் மஞ்சப்பை ஒன்று இருக்கிறது. நிலப்பத்திரத்தின் நகல், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டு, அவர் கையெழுத்தில் இழப்பீட்டு மனு. தண்ணீர்ச் சீட்டு மடித்த மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருப்பார். அவள் அந்த பில்லை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அந்தப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படபடப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எழுந்து வந்து பார்த்தேன். புது ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் காலி கேன் ஒன்றை வைத்து, கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு டவுனுக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினாள்.